டேப்பின் வால்: வடசென்னைத் தொகுப்பாளர் ஒருவரின் தொழில் வாழ்க்கை

கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட நீள நோட்டு ஒன்று இப்போது என் மேசைமேல் இருக்கிறது. 2002 முதல் 2009 வரை அக்கா தன் கையால் எழுதியது. ஒவ்வொரு வரியிலும் கேசட் நம்பர், தேதி, பேசியவர் யார், கடைசியில் ஓர் எழுத்து. ‘வை’ என்றால் கேசட்டைப் பத்திரமாக எடுத்து வைக்க வேண்டும். ‘அ’ என்றால் அழித்துவிட்டு அதன்மேல் வேறு பதியலாம். முதல் பத்துப் பக்கங்களில் ‘வை’ நிறைய வருகிறது. அப்புறம் ‘வை’யின் மேல் ஒரு கோடு, பக்கத்தில் ‘அ’. 2006ஐத் தாண்டினால் ‘வை’யைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

டிவி தொகுப்பாளரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முகமும் குரலும்தான் முதலில் ஞாபகம் வரும். அவரே தயாரிப்பாளராகவும் இருந்துவிட்டால், கேள்வி கேட்கிற வாயும் செலவு பார்க்கிற கையும் ஒரே ஆளுடையது. அக்காவின் விஷயத்தில் அந்தக் கைதான் அந்த வாயின் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்தது. ஏன் அப்படி ஆயிற்று, என்ன மிஞ்சியது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவர் கேட்டுக்கொண்டபடி அவர் பெயரையோ நிகழ்ச்சியின் பெயரையோ சொல்லப் போவதில்லை. பேட்டையில் எல்லாரும் கூப்பிட்ட மாதிரி அக்கா என்றே எழுதுகிறேன். 2002லிருந்து அவருக்குக் கேமரா பிடித்தவன் நான், எடிட்டிங் செய்தவனும் நான். அழிக்கிற பட்டனை அழுத்திய விரலும் பெரும்பாலும் என்னுடையதுதான்.

மைக் செட்டும் கன்ட்ரோல் ரூமும்

அக்கா பிறந்து வளர்ந்தது ராயபுரம். நைனாவுக்குத் துறைமுகத்தில் மூட்டை வேலை. பன்னிரண்டு வயதில், கோயில் திருவிழாவில் மைக் செட்டுக்காரர் பக்கத்திலேயே நின்றுகொண்டு, கூட்டத்தில் காணாமல் போன பிள்ளைகளின் பெயரையும் சட்டை நிறத்தையும் அறிவித்ததுதான் அவருடைய முதல் நிகழ்ச்சி. பிள்ளையைத் தேடிக்கொண்டு ஓடி வருகிற தாயிடம் அழாமல் அடையாளம் கேட்டு வாங்க வேண்டும், அதை ஊருக்குப் புரிகிற மாதிரி சொல்ல வேண்டும். அந்தப் பயிற்சி எந்தப் படிப்பிலும் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. அதைத் தொடர்ந்து தெருவுக்குத் தெரு மொட்டை மாடியில் டிஷ் முளைத்தது. 1995 கேபிள் சட்டப்படி கேபிள்காரர் அப்போது தலைமைத் தபால் நிலையத்தில் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. மற்றபடி அவருக்குத் தேவை ஒரு அறை, சில டிஷ், மொட்டை மாடிகளைத் தாண்டித் தாண்டி ஓடுகிற கறுப்பு வயர். அந்த அறையைத்தான் கன்ட்ரோல் ரூம் என்போம். ஒரு சேனலுக்கு ஒரு மாடுலேட்டர், அதாவது படத்தையும் சத்தத்தையும் கேபிள் வயரில் ஏற்றுகிற பெட்டி, என்று அடுக்கி வைத்திருப்பார்கள். சூடு தாங்காது, ஃபேன் ஓடிக்கொண்டே இருக்கும். மிச்சமிருக்கிற ஒரு மாடுலேட்டரில் வி.சி.ஆரைச் சொருகினால் அதுதான் லோக்கல் சேனல்.

1998இல் அக்கா அந்த அறைக்கு வேலைக்குப் போனார். பிறந்தநாள் வாழ்த்து, மஞ்சள் நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி. ஒரு போட்டோ வரும், அதன்மேல் அவர் குரல். அஞ்சலி கொண்டுவந்து கொடுக்கிறவர்களிடம் அக்கா ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்பார்: “அவுரு இன்னா வேலை செஞ்சாரு?” பதிலையும் சேர்த்து வாசிப்பார். ‘முப்பது வருஷம் மீன் வலை பின்னினவர்’, ‘கொருக்குப்பேட்டை கேட்டாண்ட சைக்கிள் கடை வெச்சிருந்தவர்’. அந்த ஒரு வரிக்காகவே ஜனங்கள் உட்கார்ந்து அஞ்சலி பார்த்தார்கள். இவர்களையெல்லாம் உயிரோடு இருக்கும்போதே பேச வைத்தால் என்ன என்று அக்காவுக்குத் தோன்றியது. 2001இல் வாரம் அரை மணி நேரம், தெருவில் இருக்கும் மனிதர்களோடு ஒரு பேச்சு நிகழ்ச்சி தொடங்கியது. கேபிள்காரர் நேரத்தைச் சும்மா கொடுத்தார். மற்றச் செலவெல்லாம் அக்காவுடையது. அன்றிலிருந்து அவர் தயாரிப்பாளர்.

முக்காலி

செட் என்று எதுவும் கிடையாது. பேசுகிறவருக்கு நாற்காலி, அக்காவுக்கு முக்காலி. முக்காலி நாற்காலியைவிட ஒரு சாண் தாழ்வாக இருக்கும். கேமராவையும் தாழ்த்தித்தான் வைக்கச் சொல்வார். பேசுகிறவர் கீழே பார்த்துப் பேசும்போது முகம் இளகும் என்பது அவர் கணக்கு. நான் பிறகு வேலை செய்த பெரிய ஸ்டூடியோக்களில் தொகுப்பாளரின் நாற்காலியைத்தான் உயர்த்தி வைத்திருந்தார்கள்.

முதல் கேள்வி எப்போதும் சாப்பாடு. “நாஷ்டா ஆச்சா?” இரண்டாவது கேள்வி வேலையைப் பற்றி, அதுவும் கைவேலையைப் பற்றி. வலை எப்படிப் பின்னுவீங்க, ஐஸ் பெட்டியில மீனை எந்தப் பக்கமா அடுக்குவீங்க. மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கும். அன்றைக்குக் காசிமேட்டில் ஒரு மீன்கார ஆயாவிடம் “இனிமே வூட்ல இன்னா கொழம்பு?” என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் கடன், வட்டி, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் வந்துவிட்டது. கஷ்டத்தைச் சொல்லுங்கள் என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. கேட்டுவிட்டுக் காத்திருப்பார். பதினைந்து விநாடி, இருபது விநாடி. எடிட்டிங்கில் அந்த மௌனத்தை நான் வெட்டப் போனால் கையைப் பிடித்துக்கொள்வார்: “அத்த எடுக்காதடா, அவுரு அங்கதான் யோசிக்கிறாரு.”

2003இல் புளியந்தோப்பிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பின்னி மில் என்று எங்கள் பக்கம் சொல்கிற பி அண்ட் சி மில்லில் தறி ஓட்டியவர். மில் 1996இல் மூடியாயிற்று. தறிச் சத்தத்தில் பக்கத்து ஆள் கத்தினாலும் காதில் விழாது, அதனால் உதட்டையும் கையையும் வைத்தே பேசிக்கொள்வோம் என்றார். “செஞ்சு காமிங்கோ நைனா” என்றார் அக்கா. பெரியவர் செய்து காட்டினார். நூல் அறுந்துபோச்சு, மேஸ்திரி வர்றான், டீ வாங்கியா, உன் பொண்ணுக்கு ஜுரம் எப்படி. சத்தமே இல்லாமல் ஒரு நிமிஷத்துக்கு மேல். நோட்டில் அந்த வரி இப்படி இருக்கிறது: கேசட் 17, பின்னி மில் நைனா, வை. ‘வை’யின் கீழே இரண்டு கோடு.

17ஆம் கேசட்

நாங்கள் பதிந்தது மினி டிவி கேசட்டில். டிவி என்பது இங்கே டிஜிட்டல் வீடியோவின் சுருக்கம், டெலிவிஷன் இல்லை. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது, ஒரு மணி நேரம் பதியும். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றினால் மணிக்குச் சுமார் 13 ஜிபி பிடிக்கும். எங்களிடம் இருந்த ஹார்ட் டிஸ்க் 40 ஜிபி. விண்டோஸ், எடிட்டிங் மென்பொருள் எல்லாம் போக இரண்டு கேசட்டுக்குத்தான் இடம். ஒரு வாரம் ஏற்று, வெட்டு, ஒட்டு, அழி. அடுத்த வாரம் மறுபடி ஏற்று. சிடியில் முழுத் தரத்தோடு எடுத்து வைப்பதென்றால் ஒரு கேசட்டுக்குப் பதினெட்டு சிடிக்கு மேல் ஆகும். ஆக மூலம் என்பது கேசட் மட்டும்தான். புதுக் கேசட் விலை நூற்றைம்பது ரூபாயைத் தாண்டும்போது, மாதம் ஐநூறு ரூபாய் விளம்பரம் கொடுக்கிற ஃபேன்ஸி ஸ்டோரையும் பாத்திரக்கடையையும் நம்பி இருக்கிறவர் எத்தனை கேசட் வாங்க முடியும்? அழிப்பது சோம்பலால் நடந்ததில்லை. வாரா வாரம் நிகழ்ச்சி வர வேண்டும் என்பதற்காக நடந்தது.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. காலையில் சுனாமி அலை உள்ளே வந்தபோது அக்கா என்னை வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கிற ரிச்சி தெரு ஞாயிறு மூடியிருக்கும், புதுக் கேசட்டுக்கு வழியில்லை. பீரோவைத் திறந்து கையில் வந்ததை அள்ளிப் பையில் போட்டோம். ‘வை’யா ‘அ’வா என்று பார்க்கிற நேரமா அது.

காசிமேடு, பிறகு திருவொற்றியூர்ப் பக்கத்துக் குப்பங்கள். அழுகிறவர் முன்னால் அக்கா மைக்கை நீட்டவே இல்லை. அன்று அவர் எடுத்தது பெயர்கள். எந்தப் பள்ளிக்கூடத்தில் யார் தங்கியிருக்கிறார்கள், எந்தப் பிள்ளை யாரைத் தேடுகிறது, என்ன சட்டை, என்ன வயது. ராத்திரி கன்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து விடிய விடிய அதை வாசித்தார். விடியற்காலை மூன்று மணிக்கு, பேர் வாசிக்கப்பட்ட ஒரு பையனின் சித்தப்பா கன்ட்ரோல் ரூம் படியேறி வந்து நின்றதை நான் பார்த்தேன்.

மறுவாரம் நோட்டை எழுதும்போதுதான் தெரிந்தது, பையில் போன கேசட்டுகளில் 17ஆம் நம்பரும் ஒன்று. இரண்டு கோடு போட்ட ‘வை’யை அடித்துவிட்டு, பக்கத்தில் அக்கா 26-12-04 என்று மட்டும் எழுதியிருக்கிறார். நோட்டில் முதல் அடித்தல் அதுதான். அன்றைய முடிவு சரி என்றுதான் இன்றைக்கும் சொல்வேன். ஆனால் ஒருமுறை அடிக்கப் பழகிய கை, அப்புறம் பணத்துக்காகவும் அடித்தது.

விலைக்கு வாங்கிய அரை மணி நேரம்

அந்த ராத்திரிக்குப் பிறகு அக்கா பெயர் வெளியே தெரிந்தது. ஒரு சாட்டிலைட் சேனல் கூப்பிட்டது. எந்தச் சேனல் என்பது இந்த ஆய்வுக்கு அவசியமில்லை.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரிய இந்த ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். சேனல் தொகுப்பாளருக்குச் சம்பளம் தரவில்லை. தயாரிப்பாளர்தான் அரை மணி நேரத்தைச் சேனலிடம் விலைக்கு வாங்க வேண்டும், அதற்குச் சிலாட் என்று பெயர். அதில் சுமார் 23 நிமிஷம் நிகழ்ச்சி, மிச்சம் விளம்பரம். விளம்பர நேரத்தில் ஒரு பங்கைத் தயாரிப்பாளர் தானே விற்றுப் போட்ட பணத்தை எடுக்க வேண்டும். சிலாட் பணம் முன்கூட்டியே கட்ட வேண்டும், விளம்பரக் கம்பெனியிடமிருந்து பணம் மூன்று மாதம் கழித்து வரும். நடுவில் இருக்கிற மூன்று மாதம்தான் சின்னத் தயாரிப்பாளரைச் சாப்பிடுகிற பள்ளம். அக்காவின் நகைகள் தண்டையார்பேட்டை அடகுக்கடைக்குப் போனது அந்தப் பள்ளத்தை நிரப்பத்தான். சேனலுக்கு பீட்டாகேம் என்கிற பெரிய டேப்தான் வேண்டும், எங்களுடையது மினி டிவி. வாரா வாரம் வடபழனிக்குப் போய், மணிக்கணக்கில் வாடகை கட்டி மாற்ற வேண்டும்.

பணத்தைவிட மோசமாக இன்னொன்று நடந்தது. முன்னோட்டம் பார்த்த அதிகாரி, பேச்சைச் சரிசெய்யச் சொன்னார். வடசென்னைத் தமிழ் காமெடிக்குச் சரி, பேட்டிக்குச் சரிப்படாது என்றார். அக்கா மாற்றிக்கொண்டார். ‘நாஷ்டா ஆச்சா’ போய் ‘வணக்கம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ வந்தது. எதிரில் இருந்தவர்களும் மாறினார்கள். கானா பாடுகிற தம்பி ஒருவர், அக்காவோடு தெருவில் மணிக்கணக்காகப் பேசுகிறவர், ஸ்டூடியோவில் பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பது போல ஒப்பித்தார். அந்தப் பகுதியும் வரவில்லை. சாவு வீட்டுப் பாட்டு வேண்டாம் என்று நிறுத்திவிட்டார்கள். 2020இல் வடசென்னையின் கானா பாடகி இசைவாணி பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் வந்தபோது அக்கா எனக்கு போன் பண்ணினார். அரை மணி நேரம் அந்தத் தம்பியைப் பற்றியே பேசினார்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்கு வந்த நிகழ்ச்சி ஆறு மணிக்குத் தள்ளப்பட்டது. ஆறு மணிக்குக் காசிமேட்டில் யார் டிவி பார்ப்பார்கள்? மீன் ஏலம் முடிந்து கூடை தூக்குகிற நேரம். விளம்பரம் நின்றது. 2007 கடைசியில் அக்கா திரும்பி லோக்கல் சேனலுக்கே வந்தார். நோட்டில் ‘அ’ வரிசையாக வருவது இந்தக் காலத்தில்தான். புதுக் கேசட் வாங்கவே இல்லை, இருந்ததையே திரும்பத் திரும்பப் பதிந்தோம். கல்யாண ஆர்டர் எடுத்தோம், பாத்திரக்கடை விளம்பரம் எடுத்தோம், அதே கேசட்டில்.

லோக்கல் சேனலின் முடிவைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். செட்டாப் பாக்ஸ் சென்னைக்கு 2003லேயே வந்தது, ஆனால் பெரும்பாலான வீடுகளில் பழைய வயரே ஓடியது. 2012இல் நான்கு பெருநகரங்களும் டிஜிட்டலுக்கு மாற வேண்டும் என்ற உத்தரவு வந்தது. சென்னையில் அது வழக்கு, இழுபறி என்று மெதுவாக நடந்தது. நடந்தபோது கேபிள்காரரின் மாடுலேட்டர் அடுக்குக்கு வேலை இல்லாமல் போயிற்று. சிக்னல் பெரிய நிறுவனத்தின் அறையிலிருந்து பூட்டிய பொட்டலமாக வருகிறது, நடுவில் யாரும் வி.சி.ஆரைச் சொருக முடியாது. லோக்கல் சேனலுக்கு ஒரு நம்பர் வேண்டுமென்றால் அதற்குத் தனிக் கட்டணம். அக்கா 2013இல் நிறுத்தினார். 2017 ஜனவரியில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது எர்ணாவூர்க் கரையில் வாளியால் கசடு அள்ளினவர்களைப் போனில் எடுத்தார். அதுதான் அவர் கடைசியாக எடுத்தது.

உப்பு

ஜானி கார்சன் அமெரிக்கத் தொலைக்காட்சியின் மிகப் பெரிய தொகுப்பாளர்களில் ஒருவர். 1962 அக்டோபர் 1 முதல் 1992 மே 22 வரை, முப்பது வருஷம் ஒரே இரவு நிகழ்ச்சி. அதில் நியூயார்க்கிலிருந்து வந்த முதல் பத்து வருஷப் பதிவுகளில் பெரும்பகுதி இன்று இல்லை. டேப் விலை அதிகம் என்று அழித்து மேலே பதிந்துவிட்டார்கள். பிபிசியும் அந்தக் காலத்தில் இதையேதான் செய்தது. பிற்காலத்து டேப்புகள் பெரும்பாலும் தப்பின. அவற்றைக் கொண்டுபோய் வைத்த இடம் கான்சாஸ் மாநிலத்தின் ஹட்சின்சனில், 650 அடி ஆழத்தில் இருக்கும் உப்புச் சுரங்கம். உப்புப் பாறை ஈரத்தை அண்டவிடாது, சூடும் ஏறாது இறங்காது.

அக்காவின் கேசட்டுகளும் உப்பில்தான் இருந்தன, காசிமேட்டு உப்புக் காற்றில். அது ஈரத்தோடு வரும். பீரோவின் கீழ்த்தட்டில் 2001ஆம் ஆண்டின் வி.எச்.எஸ். டேப்புகள், பரணில் ஒரு பிஸ்கட் டின்னில் மினி டிவி கேசட்டுகள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை வீட்டுக்குள் முழங்கால் அளவு வந்தது. வி.எச்.எஸ். டேப்பில் ஏற்கனவே வெள்ளைப் பூஞ்சை பிடித்திருந்தது, தண்ணீர் மிச்சத்தையும் முடித்தது. பிஸ்கட் டின் தப்பியது. 38 கேசட்.

வால்

ரிச்சி தெருவில் அலைந்து, கம்ப்யூட்டரோடு இணைக்கிற ஃபயர்வயர் சாக்கெட் இருக்கிற பழைய சோனி கேமரா ஒன்றை வாங்கினேன். ஃபயர்வயர் கார்டு போட்ட பழைய கம்ப்யூட்டர் நண்பர் வீட்டில் கிடைத்தது. கேசட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் அதன் முதுகில் இருக்கிற சின்னத் தகட்டை ‘சேவ்’ பக்கம் நகர்த்திவிட வேண்டும், இல்லாவிட்டால் கை தவறி மறுபடி பதிந்துவிடலாம். இருபது வருஷத்துக்கு முன்னால் இந்தத் தகட்டை நான் நகர்த்தியிருக்க வேண்டும்.

ஏற்றுவது நேரத்துக்கு நேரம். ஒரு மணி நேரக் கேசட்டுக்கு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். நோட்டின்படி அந்த டின்னில் பெரும்பாலும் கல்யாணமும் விளம்பரமும்தான். முதல் மூன்று கேசட்டில் நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிட்டேன். நான்காவதை ஓடவிட்டு டீ போடப் போனேன். திரும்பி வரும்போது 2008 பாத்திரக்கடை விளம்பரம் முடிந்திருந்தது. திரையில் சதுரம் சதுரமாகக் கொஞ்சம் உடைந்து, பிறகு வேறு படம் வந்தது. வலை பின்னுகிற ஒரு கை. கேமராவில் டேட்டா கோட் பட்டனை அழுத்தினால் பதிந்த தேதி தெரியும். 2005 என்று காட்டியது. அதுவும் சில நிமிஷத்தில் முடிந்து இன்னொரு முறை உடைந்து, 2003 வந்தது.

யோசித்தால் சாதாரண விஷயம். மேலே பதிந்தது 31 நிமிஷம் என்றால், அதற்கு முன்னால் பதிந்தது 31ஆவது நிமிஷத்திலிருந்து அப்படியே இருக்கும். அது 44இல் முடிந்தால், அதற்கும் முந்தையது 44இலிருந்து கடைசி வரை இருக்கும். ஒவ்வொரு கேசட்டின் வாலிலும் அழித்ததாக நாங்கள் நினைத்தது அடுக்கடுக்காக இருந்திருக்கிறது. நிகழ்ச்சி முடிந்ததும் நிறுத்திவிடுவதால் இருபது வருஷமாக யாரும் அங்கே போய்ப் பார்க்கவில்லை. வீட்டில் பழைய கேசட் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கறுப்புத் திரையைப் பார்த்ததும் நிறுத்தாதீர்கள். கடைசி அங்குலம் வரை ஓட விடுங்கள்.

38 கேசட்டையும் மறுபடி முதலிலிருந்து எடுத்தேன். கிடைத்தவையெல்லாம் பேச்சின் கடைசிப் பகுதிகள். கேள்வி இருக்காது, பதில் இருக்கும். யார் என்றே தெரியாத ஒருவர் “அவ்ளோதான், அப்பால நான் கடலுக்குப் போவல” என்று முடிப்பார். நோட்டை வைத்துத் தேதியைப் பொருத்தினால் பெயர் கிடைக்கும். ‘அ’ என்று அடித்த எழுத்துதான் இப்போது எங்களுக்கு அடையாளம் காட்டுகிறது.

17ஆம் கேசட்டைப் போடும்போது அக்காவையும் வரவழைத்தேன். முதல் 48 நிமிஷம் அந்த ஞாயிற்றுக்கிழமை. அக்கா பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு பெயர்களை மட்டும் கேட்டார். 48ஆவது நிமிஷத்தில் திரை உடைந்தது. நீலச் சட்டை, நாற்காலி, பின்னால் சுண்ணாம்புச் சுவர். பெரியவரின் உதடு அசைகிறது, சத்தமில்லை. வலது கை நூலை முறுக்குகிறது. இடது கை பின்பக்கம் காட்டி, மேஸ்திரி வருகிறான் என்கிறது. இரண்டு விரல் கிளாஸைப் பிடித்தது போல மடிகிறது. பிறகு உள்ளங்கையை நெற்றியில் வைத்து, தலையைச் சாய்த்து, எதிரில் இருக்கிறவரைப் பார்க்கிறார்.

“பொண்ணுக்கு ஜுரம் வுட்டுதா?” என்று திரைக்கு வெளியிலிருந்து அக்காவின் 2003ஆம் வருஷக் குரல் கேட்கிறது.

பெரியவர் தலையை ஆட்டுகிறார். எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவும் தலையை ஆட்டினார்.